பாலைவனத்தில் நாலு தரம் கழுவிய அரிசி

போன கிழமை குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். இரண்டாவது தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி குழாயைத் திறக்க, பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பூட்டியது. என் கணவர் அன்ரன்! நாள் முழுக்க ஹோட்டல் குசினியில் நிற்பதால், வீட்டுக் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காத மனிதர்.

"காணுமப்பா. ரூடிக்கும் கொஞ்சம் மிச்சம் வையும்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. யார் இந்த ரூடி, அவருக்கு ஏன் தண்ணீர் மிச்சம் வைக்கவேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? நானே சொல்லிவிடுகிறேன். அன்ரன் சொன்னால் கை கால் வைத்துத்தான் சொல்லுவார்.

ரூடி, சுவிஸில் பீல் என்ற எங்கள் ஊரில் நான் வேலை செய்யும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஃபப்ரிக்கில், எனக்குப் பக்கத்து மேசைக்காரர். அறுபதைத் தாண்டியவர். நாற்பது வருடமாக ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எள்ளளவு ஆணிகளைப் பொருத்துகிற வேலை. இப்போது அந்தக் கண் மங்கத் தொடங்கிவிட்டது. மற்றதும் பின்னாலேயே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அவருடைய மலையேறும் சங்கம் இந்த முறை மலையை விட்டுவிட்டு, அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்குப் புறப்பட்டது. மலிவுப் பயணம். ஒரு பழைய பஸ், பின்னால் ஒரு ட்ரெய்லர், கூடாரத்தில் படுக்கை, முறை வைத்துச் சமையல். இரண்டு இடம் காலி, வாறீங்களா என்று கேட்டார் ரூடி.

"அங்கே ஒரு உப்பு ஏரி இருக்கு. வற்றிப்போன ஏரி. அதில ஒன்றுமே இல்லை" என்றார்.

"ஒன்றும் இல்லாததை ஏன் பார்க்கப் போறீங்கள்?"

"நாற்பது வருடம் ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். தலையை நிமிர்த்தினால் மலை மறைக்குது. கண் போகமுதல் ஒருதரம், பார்வை எதிலும் முட்டாத ஒரு இடத்தைப் பார்க்கவேணும்."

இதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்பது? சிட்னியில் இருக்கிற தங்கச்சியையும் பார்த்ததாக இருக்கும்... ஓம் என்றுவிட்டேன்.

அன்ரனுக்கு வந்ததே கோபம்!

"கூடாரத்தில படுக்கிறதுக்குக் காசு கட்டுறதோ? ஒன்பது வருசத்துக்கு முந்தி இஞ்ச வந்து இறங்கேக்க, அகதி முகாமில சும்மாதானே படுக்க விட்டவங்கள்!"

நியாயமான கேள்விதான். ஆனாலும் பெட்டியை அடுக்கினேன்.

பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்திருந்தேன். இது செம்மண். காதுக்குள் செம்மண், பல் துலக்கும் பிரஷில் செம்மண். சுவிஸ்காரர் பத்தே நிமிடத்தில் கூடாரம் அடித்துவிட்டு, துணிக்கொடியும் கட்டிவிடுவார்கள். எங்கள் கூடாரம் மட்டும் தூங்கி விழுந்துகொண்டே இருக்கும். பஸ் சாரதி கென் வந்து ஒரு உதை விடுவார். நிமிர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் எங்கள் சமையல் முறை. அதற்கு முன் இரண்டு நாளும் நூடில்ஸும் சீஸும். அன்ரனுக்கு நாக்குச் செத்தேவிட்டது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி என்று முடிவெடுத்தேன். கெனோடு சேர்த்துப் பதினாலு பேர்.

ட்ரெய்லரின் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. திறந்தேன், தண்ணீர் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசிப்பீர்களா? பீலில் தெருவுக்குத் தெரு இரவு பகலாக நீரூற்று ஓடுகிறது. ஒன்பது வருடம் அதைப் பார்த்த கண்!

பாக்கெட் அரிசிதான். கல் இல்லை, உமி இல்லை. கழுவத் தேவையே இல்லை. ஆனால் கை கேட்குமா? தண்ணீர் தெளியும் வரைக்கும் கழுவினேன். நாலு தரம். வெள்ளைத் தண்ணீரைச் செம்மண்ணில் ஊற்ற, பார்க்க அழகாக வேறு இருந்தது.

சாப்பாடு அமர்க்களம். சங்கத் தலைவி மார்கிரித் அம்மா மூன்றாம் தரமும் தட்டோடு வந்தார்.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். சுவிஸ்காரர் பாத்திரம் கழுவுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? சோப்புத் தண்ணீரில் முக்குவது, எடுப்பது, நுரையோடு துணியால் துடைப்பது. முடிந்தது. அலசுவது என்ற பேச்சே இல்லை! அவர்களை அனுப்பிவிட்டு, நானும் அன்ரனும் அத்தனை தட்டையும் குழாயில் பிடித்து ஒவ்வொன்றாக அலசினோம்.

"சோப்புத் தின்னவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் அன்ரன். அன்றைக்கு முதல்தரமாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

விடிந்தது. கென் ட்ரெய்லரைப் பஸ்ஸில் மாட்டப் போனவர், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தாங்கியைக் கையால் தட்டினார். வெற்றுத் தாங்கிச் சத்தம். இன்னொரு தரம் தட்டினார். அதே சத்தம்.

"நான்தான்" என்றேன். அரிசியையும் சொன்னேன், தட்டையும் சொன்னேன்.

"நாலு தரமா?" என்று கேட்டார் மார்கிரித்.

"நாலு தரம்."

யாரும் திட்டவில்லை. நாலு பேச்சுப் பேசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். பதின்மூன்று போத்தல்களையும் வரிசையாக வைத்து, மிச்சத் தண்ணீரை அளக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கென் இரண்டு வழி சொன்னார். நேரே அடுத்த பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் பின்னேரம் தண்ணீர் கிடைக்கும். ஏரிக்குப் போவதென்றால் இன்னும் ஒரு நாள் கூட. இருக்கிற தண்ணீர் குடிக்க மட்டும் போதும். முகம் கழுவ முடியாது. சூப் இல்லை. கோப்பியும் இல்லை.

கோப்பி இல்லை என்றதும் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ரூடியும்தான். எனக்கு அழுகை வந்தது. ஒரு மனிதன் கண் போகமுதல் பார்க்க ஆசைப்பட்ட ஒரே இடத்தை நான் அரிசி கழுவியே ஊற்றிவிட்டேன்.

சுவிஸ்காரர் இப்படியான நேரத்தில் என்ன செய்வார்கள்? வேறென்ன, வாக்கெடுப்பு! செம்மண்ணில் வட்டமாக நின்றார்கள். தனக்கு ஆசையான விஷயம் என்பதால் தான் கை தூக்குவது சரியில்லை என்று ரூடி ஒதுங்கிக்கொண்டார். மார்கிரித் எண்ணினார். ஏரிக்கு ஐந்து. கோப்பிக்கு ஐந்து.

நானும் அன்ரனும் ட்ரெய்லரோடு ஒட்டி நின்றோம். வாக்கெடுப்பு என்றால் ஒதுங்கி நிற்பது எங்களுக்குப் பழக்கம். ஊருக்குப் புதுப் பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று வீடு வீடாகக் கடிதம் வரும். சுவிஸ் குடியுரிமை இல்லாத எங்கள் பெட்டியில் பீட்சாக் கடை விளம்பரம் மட்டும் வரும்.

"நீங்கள் இரண்டு பேரும்?" என்றார் மார்கிரித்.

"நாங்கள் சங்கத்தில் இல்லையே" என்றேன். தண்ணீரைக் கொட்டியவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தண்ணீர் குடிக்கிறீர்கள்தானே? அப்போ வாக்கும் இருக்கு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தட்டை இப்படித் தா என்பது மாதிரி. என் கை தானாக மேலே போனது. ஏரிக்கு!

அன்ரனைத் திரும்பிப் பார்க்கப் பயம். இந்த மனிதர் புறப்பட்ட நாளிலிருந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்று நச்சரித்தவர். கோப்பி இல்லாவிட்டால் தலையிடி வருகிறவர். அவர் மற்றப் பக்கம் தூக்கினால் மறுபடி சமன்.

"என்னப்பா, யோசிக்கிறியளோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"யோசிக்க என்ன கிடக்கு? தண்ணியைக் கொட்டினது நாங்கள். கோப்பியும் வேணுமெண்டு கேக்க வெக்கமில்லையே?"

கையைத் தூக்கினார். நன்றாக உயர்த்தித் தூக்கினார். ஏழுக்கு ஐந்து!

தோற்ற ஐந்து பேரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் தன் கோப்பித் தூள் டப்பாவைத் திறந்து, மணந்து பார்த்துவிட்டு மூடினார். அவ்வளவுதான். பஸ் ஏரிப்பக்கம் திரும்பியது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் இறங்கினோம். வெள்ளை... வெள்ளை... வானம் தொடுகிற இடம் வரைக்கும் வெள்ளை. ஒரு மரமில்லை, மலையில்லை. ரூடி முன்னால் நடந்து போய்த் தனியாக நின்றார். கனநேரம் நின்றார். திரும்பி வரும்போது உதடு வெடித்திருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஒன்றுமே இல்லை!" என்றார். "சொன்னேனே, ஒன்றுமே இல்லை!"

என் பங்குப் போத்தலை நீட்டினேன். ஒரே ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இப்போது ஃபப்ரிக்கில் மறுபடி பக்கத்து மேசை. வருகிற மாதம் கண் ஆபரேஷன். பயமா என்று கேட்டேன். "பார்க்கவேண்டியதைப் பார்த்தாச்சு" என்கிறார்.

போன ஞாயிறு இங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தன் பக்கம் தோற்றுவிட்டது, எப்போதும் இப்படித்தான் என்று படிக்கட்டில் நின்று குறைப்பட்டார் கீழ்வீட்டு அம்மா. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் வாக்குப் போட்ட பக்கம் இதுவரைக்கும் தோற்றதே இல்லை" என்றேன்.