சீசன் பூட்டு

வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டுக்குள் திருடனைப் போல நுழைந்து, திருடனைப் போல வெளியேறி, திருடுவதற்கும் அங்கே ஒன்றுமில்லாமல் ஒரு சீசனை ஓட்டிய முட்டாள் தென்காசியில் ஒருவன்தான் இருந்திருப்பான். இதை எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான். யாரோ ஏமாற்றினார்கள், காலம் கெட்டுக் கிடந்தது என்றெல்லாம் சாக்குச் சொல்ல வழியில்லை. யோசனை முழுக்க என்னுடையது. அது உதித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு வெற்றிலை கூடுதலாகப் போட்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஐம்பதுகளின் கடைசி. நயா பைசா வந்து, அணாவை மறக்க முடியாமல் ஊரே விரல் மடக்கிக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். சம்பளத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலாளியும் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

ஆனால் சிக்கனத்தில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. தேய்ந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பேன். வந்த தபால் உறையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒட்டி மறுபடி அனுப்புவேன். வீட்டிலிருந்து தெருமுனை வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, கடைத்தெரு வந்ததும் காலில் மாட்டிக்கொள்வேன். "செருப்பு தேஞ்சா வாங்கலாம். காலு தேஞ்சா எங்கன வாங்குவீங்க?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குச் செலவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. அதனால் அதை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

இப்படிச் சேர்த்த மிச்சமெல்லாம் ஆனி மாதம் சாரல் விழுந்ததும் கரைந்துவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி எப்படித்தான் போகுமோ, கோவில்பட்டி, சாத்தூர், தூத்துக்குடியில் இருக்கும் உறவுக்காரர்களுக்கெல்லாம் நான் உயிரோடு இருப்பது திடீரென்று ஞாபகம் வரும். தென்காசியில் ஓர் உறவுக்காரன் இருக்கும்போது குற்றாலத்தில் அறை எடுப்பவன் மனிதனே இல்லை என்பது அவர்கள் கட்சி. அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் பசி சாதாரணப் பசியா? பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டாலும் இலையை விட்டு எழுந்திருக்கமாட்டான். அடுப்பில் ஈர விறகு. என் மனைவி புகைக்குள் உட்கார்ந்து பத்துப் பேருக்குப் பொங்குவாள். வீடு முழுக்கக் கொடி கட்டி, காயாத வேட்டிகள் தொங்கும். ராத்திரி படுத்தால் யாருடைய துண்டாவது என் முகத்தில் சொட்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சீசனில் ஒரு நாள் ஐந்தருவிக்குப் போக வேண்டும். நானும் அவளும் மட்டும். கல்யாணமாகி வந்த முதல் சீசனில் எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். அவள் மட்டும் அடுப்படியில் வியர்வையில் குளித்தாள். "அடுத்த ஆனியில கட்டாயம்" என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த ஆனி வந்தது. கூடவே என் யோசனையும் வந்தது. பெண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு எந்த விருந்தாளி வருவான்? ஆகவே அவளை ஆய்க்குடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது.

அவள் துணியை மடித்து வைத்துக்கொண்டே, "அப்ப ஐந்தருவி?" என்றாள்.

"சீசன் முடியட்டும். கூட்டமில்லாம நிம்மதியாப் போயிட்டு வருவோம்."

"சீசன் முடிஞ்ச பெறவு அங்கன பாறைதான் இருக்கும்."

நான் சிரித்தேன். நல்ல பேச்சைக் கேட்டால் சிரித்துவிடுவது என் சுபாவம். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பஸ் போன பிறகுதான் கவனித்தேன்.

அந்த வாரமே கோவில்பட்டிச் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவள் ஊரில் இல்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். "அதனால என்னலே? உங்க சித்தி பொங்குவா. நீ அரிசி மட்டும் வாங்கிப் போடு" என்றார். சித்தி பொங்கினாள். என் மனைவி ஒரு வாரத்துக்கு ஊற்றும் எண்ணெயை அவள் ஒரே தாளிதத்தில் ஊற்றினாள்.

அவர்கள் போன மறுநாள் கடைத்தெருவில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு வாங்கினேன். வாசல் கதவை வெளியே பூட்டினேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. சாக்கடையும் பன்றிகளும் புழங்கும் சந்து. அது வழியாக வந்து புறவாசலில் நுழைந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஊருக்கு நான் வெளியூர் போயாகிவிட்டது. முதலில் சொன்ன அந்தக் கூடுதல் வெற்றிலையைப் போட்டது இந்த இடத்தில்தான்.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, யாராவது கேட்டால் நாங்கள் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஆச்சி தனிக்கட்டை. வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"ஏ தம்பி, களவாங்க வாறவன்கூட ஆளில்லாத வீட்டுக்குத்தான் வருவான். நீ இருக்க வீட்டை ஆளில்லாத வீடா ஆக்கிட்டு அதுக்குள்ள போயி உக்காருதியே, ஒனக்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா?"

"ஒரு மாசம்தான் ஆச்சி."

"எனக்கென்ன, சொல்லுதேன். பொய் சொன்ன பாவம் ஒன் தலையில."

பூட்டுக்கு உள்ளே வாழ்வது எளிதல்ல என்று சீக்கிரமே தெரிந்தது. விளக்கேற்றக்கூடாது, ஜன்னல் இடுக்கில் தெரியும். சமைக்கக்கூடாது; ஓட்டுக்கு மேலே புகை தெரியும். ஆகவே ஹோட்டலில் சாப்பிட வேண்டியதாயிற்று. இட்லிக்கும் காப்பிக்கும் நான் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் சித்தி தாளித்த எண்ணெயில் ஓர் அண்டாவே நிரம்பியிருக்கும். கணக்குப்பிள்ளையான எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும், யோசனை என்னுடையதாயிற்றே என்று அதற்கு விசுவாசமாக இருந்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். இருட்டில் பாயில் உட்கார்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் என்னைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்பேன். சாத்தூர் மாமா ஒருவர், "ஏலே, கதவத் தொற!" என்று பூட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினார். "எங்கன போய்த் தொலைஞ்சான் இந்த மூதி? ஊரு ஒலகமெல்லாம் சீசனுக்கு இங்கன வருது, இவன் எங்க போனான்?" என்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்போது மாமி, "மேலுக்கு முடியாமப் போச்சோ என்னமோ. போன தடவையே எலும்பும் தோலுமா இருந்தான். அவன் பொண்டாட்டிப் பிள்ளைக்குன்னு சீனிமிட்டாயி வேற வாங்கியாந்தேன்" என்றாள். அதற்குச் சிரிப்பு வரவில்லை. இனிப்பு ஆச்சி வீட்டுக்குப் போயிற்று. முறுக்கு, வாழைத்தார், ஒரு முழுப் பலாப்பழம் எல்லாம் அந்த வழியில் போயின. விருந்தாளிகள் வெறுங்கையோடு வந்ததே இல்லை என்பது, அவர்களை உள்ளே விட்ட காலத்தில் என் கண்ணில் படவில்லை. ஆச்சி மட்டும் அந்தச் சீசனில் ஒரு சுற்றுப் பெருத்தார்.

மரக்கடையில் வேலை முடிந்தாலும் கிளம்ப மனமில்லாமல், அறுத்த பலகைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "வீட்டுக்குப் போகலியா வே?" என்று முதலாளி கேட்பார். போகலாம்தான். வீட்டில் யாரிடம் போய்ப் பேசுவது? ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு ஒரு குடத்தை வைத்திருந்தேன். சொட்டுச் சொட்டாக விழும். சில நாளில் அந்தக் குடத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "சரி, சரி, விழுந்தது போதும்" என்பேன். அது கேட்காது. பாத்திர அடுக்கிலிருந்து ஒரு தட்டை மட்டும் எடுக்கும்போதெல்லாம் மற்றத் தட்டுகள் சத்தம் போடும். சொட்டும் வேட்டிகள் இல்லாத அந்தக் கொடியைப் பார்த்தால் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டதுபோல இருக்கும். அந்தப் பெரிய இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது.

அருவிக்கும் போக முடியாது. உறவுக்காரன் கூட்டமெல்லாம் அங்கேதான் இருக்கும். ஊரே வந்து குளிக்கிற சீசனில், ஊர்க்காரன் ஒருவன் உடம்பில் அருவித்தண்ணீர் படவில்லை. ஒரு நாள் பொறுக்காமல் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். பொழுது மசங்கிக்கொண்டிருந்த நேரம். கொண்டுபோன எண்ணெயைத் தேய்த்துக்கொண்டேன். முதுகுக்குக் கை எட்டவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர், "அண்ணாச்சி, முதுகு தேய்ப்போமா?" என்று கூப்பிட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அவள் புருஷனைத் திரும்பச் சொல்லி, முதுகில் நாலு தட்டுத் தட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். நான் அருவிக்குள் போய் நின்றேன். அவ்வளவு தண்ணீர் தலையில் விழும்போதும், எண்ணெய் படாத அந்த இடம் மட்டும் முதுகில் தனியாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

ஆய்க்குடிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் போனால் "கூட்டிட்டுப் போங்க" என்பாள். யோசனை பாதியில் நின்றுவிடும். அதனால் போகவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல சாரல். ஹோட்டலுக்குப் போகச் சோம்பல்பட்டு, பொரிகடலையை மென்றுகொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டைத் தூக்கிக் கதவில் தட்டும் சத்தம். மெல்ல இரண்டு தட்டு. கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு.

'இவன் பெரிய கைகாரன். சத்தம் கொடுக்காமல் வேவு பார்க்கிறான்' என்று நினைத்தேன். வாயிலிருந்த பொரிகடலையைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். கதவிடுக்கு வழியாக உளுந்தஞ்சோற்று வாசனை வந்தது. எள்ளுத் துவையல் வாசனையும் வந்தது. வயிறு என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்போல இரைந்தது. சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், சாப்பிட இடம் தேடுகிறான் என்று முடிவு கட்டினேன். பிறகு செருப்பில்லாத கால்கள் படியிறங்கிப் போகும் சத்தம். ஜெயித்துவிட்டேன் என்று பொரிகடலையைக் கடித்தேன்.

சற்று நேரத்தில் புறவாசலில் ஆச்சியின் குரல். கதவைத் திறந்தேன். சந்தைக்குப் போய்விட்டு வந்த கோலத்தில் நனைந்து நின்றார். ஒரு கையில் காய்கறிப் பை. இன்னொரு கையில் எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி.

"ஒன் பொண்டாட்டி வந்தாளேய்யா. பூட்டிக் கெடக்குன்னு திரும்பிட்டா. பஸ் நிக்க இடத்துல பார்த்தேன்."

மற்ற எல்லோரும் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வைதார்கள். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத ஒருத்தி மட்டும் பூட்டைத் தட்டினாள். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"கையில எண்ணெக் குப்பியும் மாத்துச் சேலையும் வச்சிருந்தா" என்றார் ஆச்சி. "சொல்லாமக் கொள்ளாம வந்து ஒன்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வந்தாளாம். நான் பொறுக்க மாட்டாம, 'ஏட்டி, அவன் உள்ளதான் இருக்கான், பொறவாசலுக்குப் போ'ன்னுட்டேன்."

"என்ன சொன்னா?"

"'உள்ளயா இருந்தாவ?'ன்னு கேட்டா. ஆமான்னேன். இந்தச் சட்டிய ஏங்கையில குடுத்துட்டுப் பஸ்ஸுல ஏறிட்டா." ஆச்சி சட்டியை நீட்டினார். "ஒன் பொய்யெல்லாம் ஒழுங்காச் சொன்னேன். உண்மைய ஒரு தடவ சொன்னேன், அதுதான் இப்படி ஆயிட்டு."

உளுந்தஞ்சோறு இன்னும் சூடாக இருந்தது. இருவர் சாப்பிடும் அளவு. சாப்பிட முடியவில்லை. மூடிவைத்துவிட்டு, வாசல் பக்கம் சுற்றிப்போய்ப் பூட்டைத் திறந்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டி மடியில் கட்டிக்கொண்டேன். ஆய்க்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அது தொடையில் கனத்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தபோது மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காதது என் வாழ்நாளில் அன்றுதான்.

மாமியார் வழக்கமான மரியாதையோடு வரவேற்று, காப்பி போட உள்ளே போனார். என் மனைவி பின்கட்டில், ஈரச் சேலையை மாற்றாமல், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்ணெய்க் குப்பி பக்கத்தில் இருந்தது. மூடி திறக்காமல் இருந்தது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் வேடிக்கை பேசுவது ஒன்றுதான். "தென்காசியில ஒரு பைத்தியக்காரன் தான் குடியிருக்க வீட்டுக்குள்ளேயே ஒளிஞ்சிருந்தானாமே, கேள்விப்பட்டியா?" என்றேன். அவள் கீரையைத் திருப்பிப் பார்த்தாள். "பொரிகடலை வாயில ஊறிப்போச்சு, கடிக்க முடியல. அதான் பதில் சொல்ல முடியல" என்றேன். இதற்கு முன்னால் இந்த அளவு வேடிக்கைக்கு அவள் நிச்சயம் சிரித்திருப்பாள். கீரைத் தண்டு ஒடியும் சத்தம்தான் கேட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வேடிக்கை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"சாரல் நல்லா விழுது. ஐந்தருவிக்கு நாளைக்கே போவோம். நாம ரெண்டு பேரு மட்டும். எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை.

"வீடுதான் பூட்டிக் கெடக்கே."