மூக்கக்காவின் முறை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'மூக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மூக்கில் விசேஷம் ஒன்றும் இல்லை. படுக்கையிலிருந்து நோயாளியை எழுப்பும்போதெல்லாம், "மூக்கை முன்னால நீட்டுங்க" என்பாள். பத்தொன்பது வருடமாக அதே பேச்சு. பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் குழுவின் தலைமைப் பதவிக்குத் தேர்வு. அதுவரை ஆண்கள் மட்டுமே இருந்த பதவி. பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று பலகையில் ஒட்டியபோது, பசை காய்வதற்குள் விண்ணப்பித்தவள் அவள்.

"தோத்துட்டா என்னடி பண்ணுவ?" என்றான் புருஷன், அவளுடைய யூனிஃபாரத்துக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே.

"நீ டீ போட்டுக் குடு."

"ஜெயிச்சா?"

"அப்பவும் நீதான். கொண்டாட வேண்டாமா?"

பத்து மணிக்கு வார்டில் நோயாளியாக நடிக்க மேனேஜரே கட்டிலில் படுத்திருந்தார். நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பக்கத்தில் மதிப்பெண் தாளோடு தலைமை நர்ஸ்.

முதலில் வந்தவன் குழுவிலேயே பலசாலி. பயில்வான் என்று பட்டப்பெயர்.

"ஓரமா நில்லுங்கக்கா, காத்து அடிக்கும்" என்று சொல்லி, மேனேஜரை அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கினான். நெற்றி நரம்பு புடைத்தது. சக்கர நாற்காலியில் அவரை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். பத்துக்குப் பத்து.

அடுத்து அவள் முறை. மேனேஜர் மறுபடி கட்டிலில் படுத்தார். அவள் கைகளுக்கு வேலை தெரியும். நாற்காலியின் பிரேக்கை அழுத்தினாள். அவரை எழுப்பிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பாதங்களை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"மூக்கை முன்னால நீட்டுங்க சார். முட்டியைத் தாண்டி."

"எல்லாரும் மூக்கை நுழைக்காதன்னுதாம்மா எனக்குச் சொல்லுவாங்க" என்று சிரித்தபடி நீட்டினார்.

தலை முன்னே போனதும் அவர் உடம்பு தானாக மேலெழுந்தது. அவர் தோளில் கைவைத்துத் திருப்பினாள், அவ்வளவுதான். மேனேஜர் நாற்காலியில் இருந்தார், திறந்த வாய் மூடாமல்.

"நீ தூக்கவே இல்லையேம்மா?"

"இல்ல சார். நீங்கதான் எழுந்தீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கட்டத்தில் 'தூக்கும் திறன்' என்று இருந்தது. "தூக்காததுக்கு எப்படி மார்க் போடறது?"

சைபர் விழுந்தால் பதவி போச்சு. ஆனாலும் அவள் விடவில்லை.

"ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேரை எழுப்பறேன் சார். தூக்கினா ரெண்டாவது ஆளுக்கே நானும் பக்கத்துக் கட்டில்ல படுக்கணும்."

தலைமை நர்ஸ் தாளைத் திரும்ப வாங்கி, 'தூக்கும்' என்பதை அடித்துவிட்டு 'எழுப்பும்' என்று எழுதினாள். "இதை அச்சடிச்சவங்க ஒருத்தரையும் எழுப்பினதில்ல போலிருக்கு."

ஸ்டூலிலிருந்து ஒரு முனகல். பயில்வானால் எழுந்திருக்க முடியவில்லை.

"அக்கா... கொஞ்சம்..."

"மூக்கை நீட்டு தம்பி."

நீட்டினான். எழுந்தான். மேனேஜர் பேனா மூடியைத் திறந்து, பயில்வானின் பத்தை அடித்துவிட்டு அவள் கட்டத்தில் பத்து என்று எழுதினார். பயில்வான் இடுப்பைத் தடவிக்கொண்டே கேட்டான்: "சொல்லுங்க தலைவி, அடுத்த வார்டு எது?"