கவிதை வந்தபோது பேனா பூசையில் இருந்தது

விஜயதசமி மாலை சுவிஸின் பாசல் நகரில் கவியரங்கம். மேடையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது, கவிதைதான் கிடைக்கவில்லை. முதல் நாள் சரஸ்வதி பூசை. என் பேனா, மடிக்கணினி எல்லாவற்றையும் மனைவி சரஸ்வதி படத்தின் முன் வைத்துவிட்டாள். பூசை முடியும்வரை எழுதவும் கூடாது, வாசிக்கவும் கூடாது.

இருப்புக் கொள்ளாமல் தவித்த என்னை அவள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு கற்பேழையில் ஒன்பது பெண்களைச் செதுக்கியிருந்தார்கள். பழைய கிரேக்கரின் கலைத் தேவதைகளாம். ஒருத்தி கையில் யாழ், ஒருத்தி கையில் ஏட்டுச் சுருள். பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே முதல் வரி வந்துவிட்டது.

"ஃபோனைத் தாரும், எழுதவேணும்."

"ஃபோனில எழுதினாலும் எழுத்துத்தானே. வாயால சொல்லுங்கோ" என்றபடி அவள் அங்கிருந்த குறிப்பை வாசித்தாள்.

"நீர் மட்டும் வாசிக்கலாமோ?"

"இது டொச் பாஷை, தமிழில்லை. சரஸ்வதி கோவிக்க மாட்டா. இந்த ஒன்பது பேருக்கும் தாய், ஞாபகத்துக்குரிய தெய்வமாம்."

திரும்பும் வழியில் டிராமில் நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். பிடிக்காத சொல்லுக்கு முகத்தைச் சுளித்தாள். நான் மாற்றினேன்.

மறுநாள் காலை பேனா கைக்கு வந்தது. கவிதைதான் மனப்பாடமாயிற்றே என்ற மிதப்பில் எழுதி வைக்கவில்லை. மேடையில் பாதியில் சொல் நின்றது. முன் வரிசையிலிருந்து என் மனைவி அடுத்த வரியைக் கணீரென்று எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கிடைக்காத கைதட்டல் அவளுக்குக் கிடைத்தது.

இப்போதெல்லாம் புதிதாக ஒரு வரி வந்தால் நான் பேனாவைத் தேடுவதில்லை. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்றுதான் பார்க்கிறேன்.