பேக்யார்டில் ஒரு கொடிக்கயிறு

போன மாதம் எங்கள் வீட்டு பேக்யார்டில் துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு கட்டினோம். இதையெல்லாம் ஒரு செய்தி என்று எழுத வேண்டுமா என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் அமெரிக்காவில், டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கியவரில்லை.

எங்கள் சப்டிவிஷனில், அதாவது குடியிருப்பில், வேலிக்கு என்ன நிறம், புல் எத்தனை அங்குலம், குப்பைத் தொட்டியை எப்போது உள்ளே இழுக்க வேண்டும்... எல்லாவற்றுக்கும் விதி உண்டு. வெளியே துணி காயப்போடக் கூடாது என்பதும் அதில் ஒன்று. மீறினால் ஹெச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கத்திலிருந்து லெட்டர் வரும். போட்டோவுடன்.

கயிற்றைக் கட்டியவள் என் மகள் அனன்யா. சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பிறந்து வளர்ந்தது எல்லாம் டெக்சஸ். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ரகம். இந்தக் கோடையில் மூன்று வாரம், இயற்கையைக் கெடுக்காமல் வாழும் சஸ்டெய்னபிலிட்டி படிக்க அவள் வகுப்பையே கல்லூரியிலிருந்து நெதர்லாந்துக்குக் கூட்டிப் போனார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே ஊர் கட்டி வாழ்வது எப்படி, ஆற்றுக்கு இடம் விடுவது எப்படி, காற்றாலை, சைக்கிள் பாதை என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். ஆனால் வந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசியதெல்லாம் அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளைப் பற்றித்தான்.

டெல்ஃப்ட் நகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீடு. அங்கே நினைத்தபோதெல்லாம் தூறுமாம். அந்தம்மா போனில் மழை ரேடாரைப் பார்ப்பாராம். நாற்பது நிமிஷம் வெயில் இருக்கும் என்று தெரிந்தால் போதும், துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவாராம்.

"தே கெட் ஃபார்ட்டி மினிட்ஸ் ஆஃப் சன், அம்மா. வாட் அபவுட் அஸ்?" என்றாள்.

வெளியே நூற்று மூன்று டிகிரி. உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிருக்குள் துணி உலர்த்தும் டிரையர் சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களாம். இரண்டாம் நாளே அந்தம்மா, 'நீ ரொம்ப நேரம் குளிக்கிறாய், ஐந்து நிமிஷம் போதும்' என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி காபி கொடுத்தாராம். கூட ஒரே ஒரு பிஸ்கட். "ஃபர்ஸ்ட் ஐ வாஸ் ஹர்ட். தென் ஐ லைக்ட் இட்" என்று சிரித்தாள் அனன்யா.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்...

கயிற்றில் முதல் துண்டை விரித்தபோது நான் ஃபிரிஸ்கோவில் இல்லை. சென்னையில், நான் வளர்ந்த ஹவுசிங் போர்டு ஃபிளாட்டின் மொட்டை மாடியில் இருந்தேன். பன்னிரண்டு வீட்டுக்கு ஆறு கொடி. யார் கொடியில் யார் போட்டது என்று தினம் ஒரு சண்டை. ஆனால் 'மழை' என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் போதும், மாடிக்கு முதலில் ஓடுகிறவர் பன்னிரண்டு வீட்டுத் துணியையும் வாரிக்கொண்டு வருவார். படிக்கட்டில் உட்கார்ந்து பிரிப்போம். எதிர்வீட்டு மாமாவின் லுங்கி எங்கள் பீரோவில் ஒரு மாதம் குடியிருந்திருக்கிறது. சாயந்திரம் எடுக்கும் யூனிஃபார்ம் மொடமொடவென்று இருக்கும், முகத்தில் வைத்தால் வெயில் வாசனை அடிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசனைக்கு ஏங்கியிருக்கிறேன்.

அப்படி ஏங்கியவள் என்ன செய்தேன் தெரியுமா?

நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்கு செல்வி குடிவந்தாள். ஈரோட்டுக்காரி. ஊரிலிருந்து பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்த சென்னிமலை பெட்ஷீட்டுகளைத் துவைத்து, சிவப்புக் கட்டம் பளிச்சென்று தெரியப் பின்வேலி மேல் விரித்துப் போட்டாள். நான் அப்போதுதான் சங்கக் கமிட்டியில் சேர்ந்திருந்தேன். அங்கே நான் ஒருத்திதான் தமிழ். 'உங்க ஆளுங்க இப்படித்தானா' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். யாரும் கேட்கவில்லை. நானாகவே பயந்து, நானே போட்டோ எடுத்து, லெட்டர் டைப் செய்து, கீழே 'கமிட்டி' என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

எங்கள் வாசலுக்கும் அவள் வாசலுக்கும் இருபது அடி. நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரமே செல்வி வந்தாள். "யாரோ வெள்ளைக்காரங்க கம்ப்ளெயின்ட் பண்ணிட்டாங்க போலிருக்குங்க்கா" என்றாள்.

"ஆமா செல்வி, இங்க அப்படித்தான்" என்றேன்.

அடுத்த வருஷம் கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி அவள் சுட்டுக் கொண்டுவரும் வெல்லக் கச்சாயத்தைக் கடிக்கும்போதெல்லாம் அந்த 'ஆமா' தொண்டையில் வந்து நிற்கும்.

இப்போது எங்கள் கயிற்றைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்தாள். "எடுத்துருங்க்கா. லெட்டர் வந்துருமுங்க." என் மேல் அவ்வளவு அக்கறை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஹனுமான் கோயிலுக்குப் போயிருந்தோம். பார்க்கிங்குக்கு வருவதற்குள் வானம் கறுத்து, இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கயிற்றில் ஒரு வாரத் துணி. வீட்டுக்கு வந்து பின்பக்கம் ஓடினால்... கயிறு காலி. பின்வாசல் பேட்டியோ கூரைக்குக் கீழே மேசையில் எங்கள் கூடை. எல்லாம் மடித்து வைத்திருந்தது. கிளிப்புகள் தனியாக ஒரு கிண்ணத்தில். கிண்ணம் செல்வி வீட்டுடையது.

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அனன்யா பயந்துபோய் என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸோ கோ டெல் ஹர்" என்றாள். அவ்வளவுதான். அந்த டச்சு அம்மாவாவது ஒரு பிஸ்கட் கொடுத்திருப்பார்.

நனைந்துகொண்டே போனேன். கதவு திறந்ததும், "செல்வி, அன்னைக்கு அந்த லெட்டர எழுதினது நான்தான்" என்றேன்.

தலை துவட்ட ஒரு துண்டைக் கொடுத்தாள். "தெரியுமுங்க்கா."

"எப்படி?"

"அந்த போட்டோ மாடியில இருந்து எடுத்ததுங்க. எங்க பின்வேலி அப்படித் தெரியற மாதிரி ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்குது. உங்க பெட்ரூமுதானுங்க."

"அப்புறம் ஏன் வெள்ளைக்காரங்கன்னு சொன்ன?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க." நான் துவட்டிய துண்டை வாங்கிக்கொண்டாள். "வேத்தாளு எழுதியிருந்தா ஒண்ணும் தோணியிருக்காது. நீங்கன்னுதானுங்க கஷ்டமா இருந்துச்சு." டீ போட உள்ளே போனாள்.

பெரிய மனசு என்று அவளைப் புகழ்ந்துவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். நான் நாலு வருஷம் கச்சாயம் சாப்பிட்டேன். இத்தனை தூரம் தாண்டி வந்து நாம் கெட்டியாகக் கற்றுக்கொள்வது, நம் ஆட்களைப் பார்த்துக் கூச்சப்படுவதைத்தானோ? அதை உதற என் பெண் இன்னொரு தேசத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

நேற்று எனக்கு லெட்டர் வந்துவிட்டது. கீழே வழக்கம்போல் 'கமிட்டி'. அந்த விதியை மாற்றச் சொல்லி அனன்யா பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை கீழே என் பெயரைப் போட்டு, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

கூட வந்த போட்டோவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். எங்கள் துண்டுகள், அனன்யாவின் டி-ஷர்ட்டுகள், என் பருத்திப் புடவை.

கயிற்றின் ஓரத்தில் தொங்கும் அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட பெட்ஷீட் மட்டும் எங்களுடையது இல்லை.