நாலு காலத்துச் சீமையும் லூமுட் கடற்காற்றும்

ரப்பர் மரம் இலை உதிர்ப்பதை நான் முதன்முதலாகக் கண்டது, அம்மா என்னை விட்டுப் போய்விடுவாள் என்று நடுங்கிக் கிடந்த அந்த வருஷத்தில்தான். அப்போது எனக்கு ஏழு வயது. இன்றைக்கும் சிவந்த ரப்பர் இலை காலடியில் நொறுங்கினால், என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முந்திய வருஷம் வரை நாங்கள் லூமுட் பக்கத்தில், கடலோரத் தென்னந்தோட்டத்தில் இருந்தோம். அங்கே மரம் எப்போதும் பச்சை, காற்றும் எப்போதும் ஒரே மாதிரி. ஞாயிறு ஜெபம் முடிந்ததும் அம்மா கோடியில் இருந்த ஒரு தென்னையடியில் போய் உட்காருவாள். பக்கத்தில் ஒரு சின்ன மணல்மேடு. நான் சிப்பி பொறுக்கி வந்து அந்த மேட்டைச் சுற்றி அடுக்குவேன். அம்மா தடுக்க மாட்டாள். வரிசை கோணலாக இருந்தால் நேராக்கிவிடுவாள். உபதேசியார் மோட்சம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் கண்ணில் வரும்.

பிறகு செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அம்மா பங்களாவில் துரையின் பிள்ளைக்கு ஆயா ஆனாள். ஒன்பது மாதப் பெண் குழந்தை. பெற்றவள் மடியைவிட அம்மாவின் தோளில்தான் அது அதிகம் தூங்கியது. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. ஈப்போவிலிருந்து வந்த டாக்டர், இந்த ஈரப் புழுக்கத்தில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டு இடம் பேச்சில் இருந்தது. ஒன்று லூமுட் கடற்கரைப் பங்களா, வருஷம் முழுக்க இதமான காற்று. இன்னொன்று துரைசாணி பிறந்த சீமை. எங்கே போனாலும் ஆயாவும் கூடப் போக வேண்டும். லூமுட் என்றால் நானும் போகலாம். சீமை என்றால் அம்மா மட்டும், ஒரு வருஷத்துக்கு.

வீட்டில் சாயங்காலமானால் இதே பேச்சுதான். எங்கள் குடும்பத்தில் சீமையைப் பார்த்தவர் அம்மாவின் தம்பி ஒருவர்தான். கப்பலில் கரி அள்ளிப் போட்ட மாமா.

“அங்க ஒரு வருஷத்துக்குள்ள நாலு ஊரு இருக்கு அக்கா,” என்றார் மாமா. “மொதக் காலத்துல எங்க பாத்தாலும் பூ. அடுத்ததுல வெயிலு, ஆனா நம்மள மாதிரி வேர்க்காது. மூணாவதுல மரம் பூரா செவந்து செத்துப் போயிரும்லா. நாலாவதுல குளிரு. மனுசன் மூச்சு வெள்ளையா வெளிய போறதக் கண்ணால பாக்கலாம்.”

“கரி ரூமுக்குள்ள நின்னுக்கிட்டே நாலு காலத்தையும் பாத்துட்டியா மச்சான்?” என்றார் அப்பா.

“நீங்க சிரிங்க மச்சான். அக்கா போயிட்டு வந்து சொல்லட்டும்.”

அம்மா சிரிக்கவில்லை. “அங்க கொசு இருக்கா தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

“அந்தக் குளிருல கொசு எப்படிக்கா உசுரோட இருக்கும்?”

எனக்கு மாமா சொன்ன அந்த வெள்ளை மூச்சுதான் மனசில் நின்றது. ஆண்டவர் ஆதியிலே மண்ணைப் பிசைந்து, மூக்கில் ஊதி, உயிரை உள்ளே விட்டார் என்று உபதேசியார் அப்போதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். உள்ளே ஊதியது வெள்ளையாக வெளியே போகிறது என்றால், அது உயிர்தானே? சீமையில் அம்மா வாய் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் தீர்ந்துவிடும். நான் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, லூமுட் கொடு தாயே, லூமுட் கொடு என்று மன்றாடினேன்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து கொஞ்ச நாளில் ரப்பர் மரங்கள் சிவந்தன. காற்றே இல்லாமல் இலைகள் விழுந்தன. எப்போதும் இருண்டு கிடக்கும் தோட்டம், வெறுங்கிளையும் வானமுமாக நின்றது. மற்றப் பிள்ளைகள் வருஷா வருஷம் பார்த்தவர்கள். சருகைக் குவித்து அதில் விழுந்து புரண்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது காலம் கப்பலேறி அம்மாவைத் தேடி வந்துவிட்டது என்றே நம்பினேன். அடுத்து வரப்போவது நாலாவது. அன்று முதல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசினால் பயம். தாலாட்டுப் பாடினால் அதைவிடப் பயம்.

ஒரு நாள் விடியற்காலையில் மலைப்பக்கமிருந்து பனி இறங்கி, நாங்கள் குடியிருந்த லயத்து வாசலை மூடியிருந்தது. அம்மா படியில் உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்கக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் விழுங்கிவிட்டு, சூடு தாங்காமல் மூச்சு விட்டாள். அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று புறப்பட்டு, பனியில் கலந்து மறைந்தது.

நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தினேன். கோப்பி முழுக்க அவள் வலது கையில் கொட்டியது.

“விடு புள்ள, கை வேகுது.”

“வெளிய விடாதம்மா, முழுங்கு. முழுங்கிரும்மா.”

கை முழங்கை வரை கொப்புளித்துவிட்டது. அப்பா அடிக்க வந்தார். நான் தேம்பித் தேம்பிக் காரணம் சொன்னேன். மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். நான் சேலையைப் பிடித்தபடி பின்னால் போனேன்.

துரைசாணி கையைப் பார்த்துப் பதறினார். இந்தக் கையோடு கப்பல் வேண்டாம், லூமுட்டுக்கே போவோம், நீயும் மகளும் வாருங்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மாதா இரங்கிவிட்டாள் என்று எனக்கு நெஞ்சு குதித்தது.

“கடக்கரை வேணாம் தொரசாணி,” என்றாள் அம்மா. “அந்தக் காத்த நம்பாதீங்க. சீமைக்கே கொண்டு போங்க. நான் வரல, எம்புள்ள பயப்படுது. பினாங்குல கப்பல்ல கூட வர்ற ஆயா கெடைப்பாங்க.”

கைக்கு வந்த லூமுட்டை அம்மாவே தட்டிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று, ரப்பர் மரங்களில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. மோட்டார் காரின் கதவு வரைக்கும் அம்மாதான் குழந்தையைத் தூக்கி வந்தாள். வலது கையில் கட்டு இருந்ததால், இடது கையால் அதன் நெற்றியில் சிலுவை போட்டாள். குழந்தை அவள் சேலையைப் பற்றிக்கொண்டு விட மாட்டேன் என்றது. துரைசாணிதான் விரல்களைப் பிரித்தார். மோட்டார் போன பிறகும் அம்மா அங்கேயே நின்றாள். அம்மா போகவில்லை என்ற சந்தோஷத்தில் நான் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

எனக்குப் பின், எனக்கு விவரம் தெரியாத வயதில், ஒரு தம்பி பிறந்தான் என்பதும், லூமுட்டின் அந்த இதமான காற்றிலேயே காய்ச்சல் கண்டு எட்டாம் மாதத்தில் கர்த்தரிடம் போனான் என்பதும் எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்துத்தான். நான் சிப்பி அடுக்கியது அவன் மேட்டைச் சுற்றி. கோணலாக வைத்தவற்றை அம்மா ஏன் அத்தனை கவனமாக நேராக்கினாள் என்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்.