செவ்வாய், வியாழனில் வரும் பழுது

எங்கள் சமூகக் கல்லூரியில் துன்புறுத்தல் தடுப்பு நாள் நடந்தபோது மேடையேறி உறுதிமொழி வாசித்தவர், எங்கள் மின்பட்டறைப் பயிற்றுநர். நல்ல குரல் அவருக்கு. "இனத்தாலோ நிறத்தாலோ பாலினத்தாலோ யாரையும் தாழ்த்த மாட்டேன், யாரையும் துன்புறுத்த மாட்டேன்" என்று அவர் சொல்லச் சொல்ல, வலது கையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் சொன்னோம். அவரும் தூக்கியிருந்தார். இந்தக் கதை அவருடைய அந்த வலது கையைப் பற்றியது.

அன்று மண்டபம் முழுக்க ஒட்டியிருந்த சுவரொட்டியில் இருந்தது நான்தான். உள்ளங்கையை முன்னே நீட்டி, 'போதும், நிறுத்து' என்பதுபோல் முறைத்துக்கொண்டு நிற்பேன். படத்துக்கு ஒரு பெண் தேவை, ஒரு இந்தியர் தேவை என்று தேடியிருக்கிறார்கள். இரண்டுமாக நான் கிடைத்தேன். அம்மா ஒரு பிரதி வாங்கி வரச் சொல்லி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "காலேஜிலேயே இவள மாதிரி படம் வேற யாருக்கும் இல்ல" என்பார். உண்மைதான். வேறு யாருக்கும் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்து அதற்கு மேலும் போன முதல் ஆள் நான். அப்பா ஆறாம் வகுப்பு. அம்மா தோட்டப் பள்ளிக்கு இரண்டு வருடம் போனதாகச் சொல்வார். அதிலும் ஒரு வருடம் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்தாராம். நாங்கள் இருந்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது வரிசை வீடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்து பிடித்து, மின்கம்பி பொருத்தும் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வகுப்பில் பதினெட்டு ஆண்கள், நான் ஒருத்தி. எனக்குத் தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். இருக்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்காவது இருக்க வேண்டாமா?

உறுதிமொழி முடிந்ததும் கல்லூரியின் மாணவர் ஆலோசகர் அம்மா பேசினார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க வேலை. முதல் நாள் என்னிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "ஓ" என்றார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த உரையாடல். அன்று மேடையில் அவர் திரையில் கல்லூரியின் இணையப் புகார்ப் பக்கத்தைக் காட்டி, "தொந்தரவு என்றால் பயப்படாமல் 'கங்குவான்' என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்றார்.

மலாயில் கங்குவான் என்றால் தொந்தரவு. ஆளை ஆள் தொந்தரவு செய்தாலும் கங்குவான், தண்ணீர் வராமல் நின்றாலும் கங்குவான், இணையம் அறுந்தாலும் கங்குவான், விடுதியில் பெண்களுக்குப் பேய் பிடித்தாலும் அதே கங்குவான்தான். ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலை கொடுத்திருக்கிறார்களே என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கறிப்பாப்பும் சிவப்புச் சர்பத்தும் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனோம்.

பயிற்றுநரை எல்லாரும் சார் என்பார்கள். நான் மட்டும் அண்ணே என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம். "நானும் தோட்டத்து ஆளுதான், நீ எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றார் முதல் வாரமே. எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே தமிழ்ப் பயிற்றுநர் அவர் ஒருவர்தான். ஆனால் தங்கைக்குச் சில தனிச் சலுகைகள் இருந்தன. பிளேயர் இடுக்கியால் வயரின் தோலை உரிக்கும்போது பின்னால் வந்து நின்று, என் கைமேல் தன் கையை வைத்துச் சொல்லித்தருவார். மற்ற பதினெட்டுப் பேரும் யாருடைய கையும் இல்லாமலேயே உரித்துவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கும் நன்றாக வந்துவிட்டது. அவருக்கு மட்டும் நான் இன்னும் தேறவில்லை. நான்காவது மாதம்வரை தேறவில்லை. கை, கையில் ஆரம்பித்துத் தோளுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது.

ஒரு வியாழக்கிழமை சொன்னேன். "அண்ணே, கைய எடுங்க."

எடுத்தார். சிரிக்கவும் செய்தார். "என்னம்மா, அண்ணன் தங்கச்சிக்குள்ள இதெல்லாம் பாப்பாங்களா?"

"என் சொந்த அண்ணன் இப்படி வச்சா அம்மா கைய ஒடைச்சிருப்பாங்க" என்றேன். எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. அது அவருக்குத் தெரியாது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் செயல்முறைப் புத்தகம் நின்றுபோனது. பன்னிரண்டு வேலைகளைச் செய்து காட்டிப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கினால்தான் தொழிற்பயிற்சிக்குப் போக முடியும். பதினொன்றுக்கு வாங்கியிருந்தேன். மிச்சம் இருந்தது கூரையில் குழாய் பதித்து வயர் இழுக்கும் வேலை, ஏணியில் ஏறிச் செய்வது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை எனக்கு இடம் கொடுத்திருந்தது. ஐந்து வாரத்தில் சேர வேண்டும். புத்தகம் முழுமையாக இல்லாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவனுக்கு.

"பொம்பள புள்ள ஏணி ஏறக் கூடாது" என்றார். "விழுந்து கெடந்தா யாரு பதில் சொல்றது?"

"அப்ப கையெழுத்து?"

"செய்யாத வேலைக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடறது? அது தப்புலா."

நேர்மையான மனிதர்.

அன்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து இணையப் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். கங்குவான் பொத்தானை அழுத்தினேன். உள்ளே மின்சாரம், தண்ணீர், இணையம், குரங்கு மற்றும் பாம்பு, இதர என்று ஐந்து வகை இருந்தது. கல்லூரி என்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒழுங்காக வைத்திருப்பார்கள்போல என்று நினைத்து 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கேள்விகள் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தன. இடம்? மின்பட்டறை இரண்டு. எவ்வளவு காலமாக? நான்கு மாதம். தொடர்ந்தா, விட்டுவிட்டா? விட்டுவிட்டு, செவ்வாய் வியாழன் மட்டும். எப்போது வருகிறது? பிளேயர் பிடிக்கும்போது. எந்தப் பக்கத்திலிருந்து? பின்பக்கம். நீங்களே சரிசெய்ய முயன்றீர்களா? முயன்றேன், கையை எடுங்கள் என்று சொன்னேன். முயன்றபின் நிலைமை? மோசமாகிவிட்டது. படம் இருந்தால் இணைக்கவும் என்றது. என்னிடம் இருந்தது சுவரொட்டிதான். இணைத்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "கங்காணி மேல புகாரா? இன்னுமா கங்காணி வச்சிருக்கானுங்க?"

"கங்காணி இல்லப்பா. கங்குவான்."

"என்னமோ. கையி நீளுறவன்தானே? அதே ஆளுதான்."

அம்மா வேறொன்று கேட்டார். "கமுந்திங் போவியா, மாட்டியா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அம்மா எழுந்துபோய் ஐஸ்பெட்டிக் கதவில் சுவரொட்டியின் முனையை அழுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பட்டறை வாசலில் பராமரிப்புப் பிரிவு ஆள் வந்து நின்றார். நாங்கள் அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மலாய்க்காரர். தோளில் ஏணி, கையில் மீட்டர். "கங்குவான் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"இங்கே ஒன்றும் இல்லையே" என்றார் பயிற்றுநர்.

"இருக்கிறதே, புகார் டிக்கெட் வந்திருக்கிறது." அபாங் கைப்பேசியை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தார். "பட்டறை இரண்டு. நான்கு மாதமாக. செவ்வாய், வியாழன் மட்டும். பிளேயர் பிடிக்கும்போது வருகிறது. பின்பக்கத்திலிருந்து." மேலே பார்த்து, விசிறியைப் பார்த்து, மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். "சரிசெய்ய முயன்றேன். கையை எடுங்கள் என்று சொன்…"

அங்கே நிறுத்தினார்.

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என்னையா அவரையா என்று தெரியாமல் பிளேயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் தமிழ்ப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், எனக்கெல்லாம் கைய புடிச்சு சொல்லித்தரவே இல்லையே" என்றான். "நானும் மக்குதானே?"

சிரிப்பு நின்றுவிட்டது. அபாங் ஏணியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். "இது என்னால் சரிசெய்யக்கூடியது இல்லை" என்றார் மெதுவாக. "ஆனால் மூடவும் முடியாது. புகார் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் மூடும்."

கல்லூரியில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. துன்புறுத்தல் தடுப்புக் குழுவிடம் இருந்தது ஒரு கோப்பு, ஒரு பூட்டு, வருடத்துக்கு ஒரு கூட்டம். பராமரிப்புப் பிரிவிடம் இருந்ததோ ஈவிரக்கம் இல்லாத ஒரு கணினி. மூடாத பழுதுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை முதல்வருக்கு மின்னஞ்சல் போகும். இரண்டு வாரம் தாண்டினால் தலைமையகத்துக்கும் போகும். அழிக்க முடியாது. கல்லூரி முழுக்க என் பேச்சை மதித்த ஒரே ஜீவன் அந்தக் கணினிதான்.

இரண்டாவது மின்னஞ்சல் போன அன்று ஆலோசகர் அம்மா என்னை அறைக்கு அழைத்தார். தேநீர் கொடுத்தார்.

"பிள்ளை, நீர் பிழையான பக்கத்தில போட்டுட்டீர். அது தண்ணிக்கும் லைட்டுக்கும் உள்ள பக்கம்."

"நீங்கதான் மேடையில காட்டினீங்க, டீச்சர்."

"அது ஒரு உதாரணத்துக்குக் காட்டினது." சரியான படிவத்தை நீட்டினார். மூன்று பிரதி. கடைசிப் பக்கத்தில் 'துறைப் பயிற்றுநரின் பரிந்துரையும் கையெழுத்தும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். படிவத்தைத் திரும்ப எடுத்து மடித்தார்.

"இஞ்ச பாரும். இந்த இடத்தில எங்கட ஆக்கள் எத்தனை பேர்? அவர் ஒருத்தர். அவரும் போனா நாளைக்கு எங்கட பிள்ளைகளுக்கு ஆர் இருக்கினம்?"

எங்கட என்று சொல்லும்போது முதல்முறையாக என்னையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார். நான்கு மாதம் முன்னால் என்றால் நெகிழ்ந்திருப்பேன்.

"அவர் உம்மட புத்தகத்தில கையெழுத்து வைப்பார். நான் கதைச்சிட்டன். நீர் அந்த டிக்கெட்டை மூடும். ரெண்டு பக்கமும் சுகம்."

மேசைமேல் என் செயல்முறைப் புத்தகம் இருந்தது. பன்னிரண்டாவது பக்கம் திறந்தபடி. பயிற்றுநர் அதை அவரிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார். நான் மூடினால் அவர் போடுவார். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது தப்பு என்று சொன்ன அதே மனிதர்.

டிக்கெட்டை மூடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பொய் சொல்லவில்லை. அம்மாவின் முகம் வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் ஏணி ஏறி வயர் இழுத்ததாக எழுதியிருக்கும். கமுந்திங்கில் முதல் நாளே ஏணியைக் கொடுத்து ஏறச் சொன்னால் என்ன செய்வேன் என்றும் தோன்றியது. வீரத்தால் மறுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பாதி, வேலை தெரியாமல் போய் அசிங்கப்படுவேனே என்ற பயம்.

"நான் அந்த வேலைய செஞ்சு காட்டறேன், டீச்சர். வேற யாராச்சும் பாக்கட்டும். டிக்கெட் அப்படியே இருக்கட்டும்."

"நீர் பிடிவாதக்காரி."

"ஆமா" என்று சொல்லித் தேநீரைக் குடித்து முடித்தேன். நல்ல தேநீர்.

தலைமையகத்திலிருந்து 'தாமதத்துக்கு விளக்கம் தருக' என்று கடிதம் வந்தபின் எல்லாம் வேகமாக நடந்தது. விசாரணை ஒரு மதியம் நடந்தது. பக்கத்து மேசைப் பையன் பார்த்ததைச் சொன்னான். முடிவில் 'புரிதல் குறைபாடு' என்று எழுதினார்கள். யாருடைய புரிதலில் குறைபாடு என்று எழுதவில்லை. பயிற்றுநரைச் 'சேவைத் தேவை கருதி' கடலோரத்தில் உள்ள வேறொரு கல்லூரிக்கு மாற்றினார்கள். பிரியாவிடை விருந்தில் நெய்ச்சோறு போட்டு, பெண் மாணவர்களை ஊக்குவித்ததற்காக ஒரு நற்சான்றிதழும் கொடுத்தார்கள். நான் போகவில்லை. சோறு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

என் பன்னிரண்டாவது வேலையைப் பார்க்கக் குளிர்சாதனப் பிரிவிலிருந்து ஒரு சீன ஆசிரியை வந்தார். அண்ணன் என்றோ அக்கா என்றோ எதுவும் சொல்லவில்லை. ஏணியைக் காட்டி, "ஏறு" என்றார். ஏறினேன். ஒரு குழாயைக் கோணலாகப் பதித்துவிட்டேன். கழற்றி மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்து கிடைத்தது. கமுந்திங்குக்குப் போக நான்கு நாள் இருந்தது.

அபாங் என்னைத் தேடி வந்து கைப்பேசியை நீட்டினார். "இப்போதாவது மூடலாமா?"

"ஆள் போன இடத்தில் பெண்கள் படிக்கிறார்களா?"

"தெரியவில்லை. இருப்பார்கள்." சற்று யோசித்தார். "இங்கிருந்து ஒரு ஏர்கோனை வேறு கல்லூரிக்கு அனுப்பினால் அதன் பழுதுக் குறிப்பும் கூடவே போகும். அங்கே இருப்பவனுக்குத் தெரியவேண்டும் இல்லையா?"

"அப்படியென்றால் இதையும் அனுப்புங்கள்."

"இதற்குச் சொத்து எண் கேட்கும்."

"ஊழியர் எண்ணைப் போடுங்கள்."

அவர் பயிற்றுநரின் ஊழியர் எண்ணை விசாரித்து வந்து போட்டார். கணினி ஏற்றுக்கொண்டது.

கமுந்திங்கில் சேர்ந்த இரண்டாவது வாரம், மதிய நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கூரைக்கடியில் ஏணிமேல் இருந்தேன். ஒரு பெண் குரல், மலாயில். கடலோரக் கல்லூரியின் பராமரிப்புப் பிரிவாம். "ஒரு பழைய டிக்கெட் எங்களுக்கு வந்திருக்கிறது. எந்த இயந்திரம் என்றே புரியவில்லை. என்ன பழுது, கொஞ்சம் விளக்க முடியுமா?"

"இயந்திரம் இல்லை, அக்கா. ஆள்" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் ஒலி. "சொல்லு" என்றார். "நான் எழுதிக்கொள்கிறேன்."

மேற்பார்வையாளரிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினேன். வயர் சுருளின்மேல் உட்கார்ந்து, இம்முறை எந்தக் கட்டத்துக்குள்ளும் அடக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன்.