எட்டுப் பாட்டில்களும் ஒரு சாவியும்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் சித்தப்பாவுக்கு ஒதுக்கிய பக்கத்தில் நெடுங்காலம் மூன்று வரிகளே இருந்தன: பிறந்த நாள், மணநாள், பணி ஓய்வு பெற்ற நாள். முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் பழுதுபார்த்த ஒருவரைப் பற்றி எழுத அவ்வளவுதானா என்று அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நிரம்பியது. அன்று நான் கண்டதையும், சம்பந்தப்பட்டவர்கள் பின்பு தாமாகவே ஒப்புக்கொண்டதையும் மட்டுமே கீழே எழுதுகிறேன்.

சித்தப்பா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதன் லிஃப்டின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். காலொடிந்து கிடந்த நண்பரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனவர், நண்பரை மறந்து, லிஃப்டை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பியதுண்டு. அவருடைய பணிமனையில் ஒரு விதி இருந்தது. எந்த உதிரிப் பாகம் வந்தாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பிரித்துப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். பாகத்தின் அடியில் சாக்பீஸால் எண் மட்டும் எழுத வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் சீட்டு அழிந்துபோகும், பதிவேட்டில் இருந்தால் அழியாது என்பது காரணம். இந்த விதியை அவர் பணிமனையோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஒயின் பீப்பாய்களை நிலவறைக்கு இறக்க அங்கே ஒரு சரக்கு லிஃப்ட் உண்டு. ஆண்டுக்கொரு முறை அதைச் சோதிக்கும் பொறுப்பு சித்தப்பாவுடையது. முதல் ஆண்டு சோதனை முடிந்ததும் தோட்டக்காரர் ஒரு குவளை ஒயினை நீட்டினார். சித்தப்பா கையுறையைக்கூடக் கழற்றாமல் வாங்கிக் குடித்துவிட்டு, அது தொண்டையில் இறங்குவதைக் காது கொடுத்துக் கேட்பவர்போலத் தலை சாய்த்தாராம்.

"சத்தமே இல்லாம இறங்குதுங்க," என்றாராம்.

அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து எதற்கும் வந்ததில்லை.

அன்று ஒரு பாட்டில் வாங்கினார். அதன்பின் ஒவ்வொரு சோதனையின்போதும் அதே ஒயினின் புதிய அறுவடையில் ஒரு பாட்டில். 2011 முதல் 2018 வரை எட்டு அறுவடைகள், எட்டுப் பாட்டில்கள். ஒன்றையும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே ஒவ்வொன்றையும் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்துப் பதிவேட்டில் ஒட்டி, பாட்டிலின் அடியில் சாக்பீஸால் எண் எழுதி, படிக்கட்டுக்குக் கீழே இருந்த சிறிய அறையில் படுக்கவைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

அந்த அறையின்மீது சித்திக்கு ஒரு கண் இருந்தது. சித்தி புத்தகம் பைண்டிங் செய்பவர். அவருடைய கட்டிங் மிஷின் இரும்பாலானது. பெரிய சக்கரம் வைத்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றது. கத்தி இறங்கும்போதெல்லாம் மேசையிலிருந்த தட்டுகள் ஒரு துள்ளுத் துள்ளும். அட்டைமேல் ஒட்டும் காலிகோத் துணியும் பசை வாளியும் சோபாவில் உட்கார்ந்திருக்கும். வந்த விருந்தாளி நின்றுகொண்டிருப்பார்.

"எட்டுப் பாட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க ஒரு ரூம்! எனக்கு ஒரு மூலைகூடக் கிடையாது," என்று நான்கு ஆண்டுகளாகச் சித்தி கேட்டுவந்தார். "உள்ள இருக்கிறது எட்டும் ஒண்ணுதானே? ஒரே தோட்டம், ஒரே திராட்சை."

"ஒண்ணா? வருஷத்துக்கு வருஷம் மாறும்மா. நாக்கு உள்ளவங்களுக்குத் தெரியும்."

"யாரு நாக்குக்குத் தெரியும்?"

"உங்க அண்ணனையே கூப்பிடு. ஏதோ ருசி பார்க்கிற கோர்ஸ் முடிச்சிருக்காராமே. எட்டையும் குடிச்சுப் பார்த்து எது எந்த வருஷம்னு சொல்லட்டும். எட்டுல அஞ்சையாச்சும் சரியா சொல்லிட்டார்னா ரூம் எனக்கு. இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சொல்லலைன்னா?"

"சாவி உன் கையில."

சித்தியின் அண்ணன் பல் மருத்துவர்; எனக்கு டாக்டர் மாமா. இரண்டு வார இறுதிகள் அந்த வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து தண்ணீரைக்கூடச் சுழற்றி முகர்ந்த பிறகே குடிப்பார். சித்தப்பாவை அவர் கடிந்துகொண்டதில்லை, பாராட்டியதும் இல்லை. தங்கையை ஒரு லிஃப்ட்காரருக்குக் கொடுத்தோமே என்ற எண்ணம் இருபத்தாறு ஆண்டுகளாக அவர் புருவத்தில் குடியிருந்தது. அழைப்பு போனதும் உடனே ஒப்புக்கொண்டார்.

விருந்துக்கு முந்தைய நாள் சித்தப்பா பாட்டில்களை வெளியே எடுத்தார். மைத்துனர் வருகிறார், தூசி படிந்த பாட்டிலை மேசையில் வைப்பதா? லிஃப்டின் பித்தளைப் பலகையைத் துடைப்பதுபோல ஈரத்துணியால் எட்டையும் மேலிருந்து கீழ்வரை, அடிப்பாகம் உட்பட, பளபளவென்று துடைத்தார். எட்டாவதைத் துடைத்து முடித்துத் துணியை உதறியபோதுதான் அது வெள்ளையாக இருப்பதைக் கண்டாராம்.

எண்கள் போய்விட்டன. லேபிள்கள் பதிவேட்டில் வரிசையாக, பத்திரமாக, எந்தப் பயனுமின்றி ஒட்டியிருந்தன. எது எந்த ஆண்டு என்று இனி அவருக்கும் தெரியாது.

வேறொருவராக இருந்தால் விருந்தை ஒத்திப்போட்டிருப்பார். சித்தப்பா கால் மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, முகம் மலர எழுந்துவந்தார். விடைக்குறிப்பு இல்லாத தேர்வில் திருத்துபவர் சொல்வதே சரி என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"ஏம்மா, பாட்டிலுக்கெல்லாம் காகித உறை போட்டுடு. ஒண்ணுலேந்து எட்டு வரைக்கும் நம்பர் எழுது. எதுன்னு வெளியே தெரியக் கூடாது, அதுதான் முறையாம்."

"எந்த வரிசையில வைக்கட்டும்?"

"உன் இஷ்டம்."

கட்டிய நாளிலிருந்து எந்த வரிசையையும் தம் கணவர் இன்னொருவர் இஷ்டத்துக்கு விட்டதில்லை என்பது சித்திக்குச் சுருக்கென்று பட்டதாம்.

"அப்புறம் எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுத்தைப் பார்த்தாலே சொல்லிடுவேன்."

சித்தி பழுப்புக் காகிதத்தை வெட்டப் போய்விட்டார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு டாக்டர் மாமா தம் மருத்துவமனையின் காகிதக் குவளைகள் ஒரு கட்டோடு வந்து சேர்ந்தார். என் பெரிய அத்தையும் வந்திருந்தார். அவர் சித்தப்பாவின் அக்கா, பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விடைகளைக் குறித்துக்கொள்ளும் வேலை எனக்கு. பாட்டில் திறக்கும் வேலையைச் சித்தி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். மிஷின் சக்கரம் சுற்றிச் சுற்றி உரமேறிய மணிக்கட்டு அவருடையது. ஒவ்வொரு பாட்டிலையும் சமையலறையில் திறந்து, கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றி, எண்ணைச் சொல்லிக் கொண்டுவந்து வைப்பார்.

டாக்டர் மாமா முதல் கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் எடுத்து உருட்டினார்.

"இப்ப எல்லாரும் நல்லாக் கொப்பளிங்க. இடது பக்கம், வலது பக்கம். ம்ம், துப்புங்க."

பெரிய அத்தை கன்னம் உப்பிய நிலையில் அவரை முறைத்தார், பிறகு விழுங்கினார்.

"துப்புறதுக்கா என்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்க? அதுக்கு உங்க ஆஸ்பத்திரிக்கே வந்திருப்பேனே."

"அக்கா, துப்பினாத்தான் அடுத்ததோட ருசி தெரியும்."

"எனக்கு இதோட ருசியே தெரியலையே. இருமல் மருந்து மாதிரி இருக்கு."

"இது 2014," என்றார் டாக்டர் மாமா, கண்ணை மூடிக்கொண்டு. "நாக்கு ஓரத்துல ஒரு இறுக்கம் இருக்கு பாருங்க. மழை குறைஞ்ச வருஷம்."

நான் எழுதிக்கொண்டேன். சித்தப்பா தம் மடியில் இருந்த பதிவேட்டைத் திறந்து பார்த்து, புருவத்தை உயர்த்தி, மூடினார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். திறந்த பக்கத்தில் இருந்தது சரக்கு லிஃப்டுக்கு எண்ணெய் மாற்றிய தேதிகள்.

இப்படி எட்டுச் சுற்று. நான்காவதுக்குப் பிறகு டாக்டர் மாமாவும் துப்புவதை நிறுத்திவிட்டார். ஆறாவதில் அவருக்கு மரப்பட்டை வாசம் வந்தது. ஏழாவதில் ஈரமான நாய் ஒன்று தூரத்தில் போவதுபோல் இருந்தது என்றார். பெரிய அத்தை ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஆண்டு வேறுபாடு பாராமல் முடித்துவிட்டு, "நாய் போயிடுச்சா?" என்று கேட்டார்.

எட்டு விடைகளும் எழுதியாயிற்று. நான் வாசிக்க, சித்தப்பா பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னார்.

"ஒண்ணு, சரி. ரெண்டு, சரி." இங்கே சற்று நிறுத்தினார். எட்டும் சரி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "மூணு... அடடா. மூணையும் ஏழையும் மாத்திச் சொல்லிட்டீங்க மச்சான். மத்ததெல்லாம் சரி. எட்டுக்கு ஆறு!"

டாக்டர் மாமா எழுந்து நின்றார். "அந்த ரெண்டுலதான் எனக்கே சந்தேகமா இருந்துச்சு," என்றவர், சித்தப்பாவின் தோளில் கை வைத்தார். "மாப்ளே, இத்தனை வருஷம் உங்களைச் சரியாப் புரிஞ்சுக்கலை. எட்டு வருஷம் ஒரே ஒயினைத் திறக்காம வச்சிருக்கிற பொறுமை இருக்கே, அதுக்கு ஒரு ரசனை வேணும்."

சித்தப்பாவின் காது மடல்வரை சிவந்தது. அது ஒயினால் அல்ல.

சமையலறை வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை ஏப்ரன் பைக்குள் இருந்தது.

"அண்ணா, அந்த மூணையும் ஏழையும் நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

"யோசிச்சுத்தான்மா. சறுக்கிடுச்சு."

"பரவாயில்லை அண்ணா. அந்த ரெண்டுல உங்களை யாரும் குறை சொல்ல முடியாது," என்றார் சித்தி. பைக்குள் எதுவோ ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தம் கேட்டது.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் கிளம்பினார்கள். நான் கோப்பைகளைத் துடைக்க நின்றேன். சித்தப்பா பாட்டுப் போன்ற எதையோ முனகிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். சித்தி கட்டிங் மிஷினின் தட்டில் என் விடைத்தாளை விரித்தார். பிறகு ஏப்ரன் பையிலிருந்து எட்டுக் கார்க்குகளை எடுத்து அதன்மேல் வரிசையாக நிறுத்தினார்.

ஒவ்வொரு கார்க்கின் தலையிலும் பென்சிலால் ஓர் எண் இருந்தது. புத்தகத்தைப் பிரித்தால் பாரங்கள் எனும் தாள் மடிப்புகளுக்கு எண் போடாமல் கீழே வைக்காத பழக்கம் சித்தியுடையது. பாட்டிலிலிருந்து உருவிய கார்க்குக்கும் அந்தந்த உறையின் எண்ணைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு கார்க்கின் பக்கவாட்டிலும் தோட்டக்காரர் சூடு வைத்த அறுவடை ஆண்டு கறுப்பாக, தெளிவாக இருந்தது.

"ஒண்ணு," என்றார் சித்தி. "அண்ணன் சொன்னது 2014. கார்க் சொல்றது 2018. நீங்க சொன்னது?"

சித்தப்பாவின் முனகல் நின்றது.

"ரெண்டு. அண்ணன் 2017. கார்க் 2011. நீங்க?"

"சரின்னு..."

எட்டையும் சித்தி விடவில்லை. ஆறு விடைகள் தவறு. டாக்டர் மாமா சரியாகச் சொன்னவை இரண்டே இரண்டு: மூன்றும் ஏழும்.

"கார்க்குல வருஷம் போட்டிருப்பாங்களா?" என்றார் சித்தப்பா, ஏதோ பொது அறிவுக் கேள்வி கேட்பவர்போல.

"எட்டு வருஷத்துல ஒண்ணையாவது திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"முதல் பாட்டிலைத் திறந்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கே. ஏன் அங்கேயே சொல்லலை?"

"சொல்லியிருப்பேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். அண்ணன் உங்க தோள்ல கை வச்சார்." சித்தி கார்க் ஒன்றைத் தட்டி நேராக்கினார். "இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவை. அதைப் போய்க் கெடுப்பானேன்? ஆனா அது அவருக்கு. நம்ம பந்தயத்துக்கு உங்க தீர்ப்பெல்லாம் வேண்டாம், கார்க் போதும்."

"அப்ப அவர்கிட்டயே போன் பண்ணிக் கேட்போமா?"

"கேளுங்களேன். எட்டுக்கு ரெண்டுதான் வாங்கினீங்க, அந்த ரெண்டையும் நான் தப்புன்னுட்டேன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

சித்தப்பா போன் இருந்த திசையைப் பார்த்தார்; அந்தத் தோளை ஒரு முறை தடவிக்கொண்டார். சித்தி உள்ளங்கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவி இறங்கியது.

மறுநாள் காலை சித்தப்பா அறைக் கதவைக் கழற்றி, கப்பியும் உருளைகளும் வைத்து, நால்வர் சேர்ந்து தூக்க வேண்டிய மிஷினைத் தனியாக உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். சித்தி சக்கரத்தைச் சுற்றினார். கத்தி இறங்கியபோது படிக்கட்டே அதிர்ந்தது. சித்தப்பா தலை சாய்த்துக் கேட்டார். அந்தச் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை. போய் எட்டுக் கார்க்குகளையும் கொண்டுவந்து, உயரம் பார்த்துச் சீவி, மிஷினின் கால் ஒன்றுக்கு இரண்டாக அடியில் படுக்கவைத்தார். மறுபடியும் கத்தி இறங்கியது.

"இப்ப?" என்றார் சித்தி.

"சத்தமே இல்லாம இறங்குது," என்றார் சித்தப்பா.

அந்த வாரமே டாக்டர் மாமா என்னை அழைத்து, தம் ஆற்றலைப் பற்றிக் குடும்பக் குறிப்பேட்டில் எழுதியாயிற்றா, அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பொய் எழுதும் வழக்கம் எனக்கில்லை; ஒருவர் மகிழ்ச்சியைக் கெடுக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே அவருக்கென்று தனித்தாளில் இவ்வாறு எழுதினேன்: "எட்டு அறுவடைகளை அவர் ருசித்துச் சொன்ன விடைகளில் ஆறு சரியென்று பாட்டில்களின் உரிமையாளரே யாவர் முன்னிலையிலும் அறிவித்தார்." இதில் பிழையான சொல் ஒன்றுமில்லை.

சட்டமிட்டு மாட்டத் தாளின் ஓரம் சற்று அதிகமாக இருக்கிறது என்றார் மாமா. சித்தி அதை வாங்கி, படிக்கட்டு அறையில் விளக்கைப் போட்டு, கார்க்குகளின்மேல் நின்ற மிஷினில் வைத்து, அவர் கண்ணெதிரிலேயே நான்கு பக்கமும் நேராக வெட்டிக் கொடுத்தார்.